திருத்தங்கள்: இல்லை

லோகேஸ்வரிக்கு அந்த அலுவலகத்தில் முப்பத்தேழு வருஷம். இருபத்திரண்டு வயதில் தட்டச்சுக்காரியாக உள்ளே போனவள். நடுவில் கல்யாணம், ஒரு பெண் குழந்தை, புருஷன் சாவு என்று எல்லாம் நடந்தது. எல்லாவற்றுக்கும் சட்டப்படி உள்ள விடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி அதே மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். வருகிற ஜூனில் அறுபது. அதற்கப்புறம் புக்கிட் தெங்காவில் மகள் தனுஜா வீட்டில் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலை நீட்டி உட்காரலாம். அந்த நினைப்புதான் தினமும் காலையில் அவளைப் பஸ்ஸில் ஏற்றி, பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனுக்கு இழுத்துக்கொண்டு வந்தது.

வேலை என்னவென்றால் அறிக்கை எழுதுவது. புத்ராஜெயாவிலிருந்து கூட்டரசு அரசாங்கம் நகரத்துக்குப் பணம் அனுப்பும். பழைய அடுக்குமாடி வீடுகளுக்கு லிஃப்ட் மாற்று, தண்ணீர்த் தொட்டி மாற்று, ஓட்டைக் கூரையை அடை, சுவருக்குச் சாயம் அடி என்று. கொடுக்கிறவன் சும்மா கொடுப்பானா? ‘செய்ததைக் காட்டு’ என்பான். காட்டுவது லோகேஸ்வரியின் பாடு. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று வகைப் படம் வேண்டும்: வேலைக்கு முன், வேலை நடக்கும்போது, வேலைக்குப் பின். பின் படத்தில் குடியிருப்பவர் ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றால் இன்னும் விசேஷம். மக்கள் பயனடைந்தார்களாம். அந்தப் படங்களைத் தேடி, வரிசைப்படுத்தி, கீழே இரண்டு வரி எழுதி, வருஷம் முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும். அடுத்த வருஷம் எந்தெந்த இடத்துக்குப் பணம் வேண்டும் என்ற பட்டியலும் அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்தான் போகும். பட்டியலில் பேர் விட்டுப்போனால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

அறிக்கைக்கு ஒன்பது பிரிவு. ஒன்பதாவது பிரிவின் தலைப்பு, ‘முந்தைய அறிக்கைகளில் திருத்தங்கள்’. அதன் கீழே மலாயில் ‘தியாடா’ என்று ஒரு சொல். இல்லை என்று அர்த்தம். பத்தொன்பது வருஷமாக அந்தச் சொல்லை அவள் புதிதாகத் தட்டியதுகூட இல்லை. போன வருஷத்துக் கோப்பைத் திறந்து வருஷத்தை மாற்றினால் ‘தியாடா’ தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அந்த அலுவலகத்தில் திருத்தம் எழுதினவன் எவனும் கிடையாது. தப்பே செய்யாத புண்ணியவான்கள் கூடிய இடம் பாருங்கள்.

போன டிசம்பரில், அறிக்கை அனுப்ப மூன்று நாள் இருந்தபோது, செவ்வாய்க்கிழமை காலையில் கவுண்டருக்கு ஒரு அம்மாள் வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் காகிதங்கள். லோகேஸ்வரி எட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஜெலுத்தோங் செம்பாக்கா பிளாட்டில் பழைய அண்டைவீட்டுக்காரி ஜெயலெட்சுமி! சி புளோக்கில் லோகேஸ்வரி ஏழாவது மாடியில் இருந்தபோது, ஜெயலெட்சுமியும் அவர் புருஷன் சின்னையாவும் ஒன்பதாவது மாடி.

"அக்கா! என்னக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க? அண்ணே எப்படி இருக்காரு?"

"இருக்காரு. ஒம்பதாவது மாடியில இருக்காரு."

ஜெயலெட்சுமி சிரிக்கவில்லை. பைக்குள்ளிருந்து இரண்டு கடிதங்களை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். இரண்டும் ஒரே அச்சு. ‘தங்கள் புளோக்கின் மின்தூக்கி 2023ஆம் ஆண்டில் மாற்றித் தரப்பட்டுவிட்டது. ஆகவே ஏழாண்டுகளுக்கு மறு விண்ணப்பம் செய்ய இயலாது.’ அடியில் சின்ன எழுத்தில், தயாரித்தவர்: லோகேஸ்வரி.

"இது நீதானா? இல்ல வேற லோகேஸ்வரி யாரும் இருக்காங்களா?"

"நான்தான்கா."

"மாத்தியாச்சுன்னு எழுதியிருக்கே. எங்கம்மா மாத்துனீங்க? யாரு வீட்டுக்கு மாத்துனீங்க? நாலு வருஷமா அந்தக் கதவு பூட்டிக் கெடக்கு."

லோகேஸ்வரி கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போட்டது ஞாபகம் இருந்தது. விண்ணப்பம் வரும், கணினியில் புளோக் பேரைத் தட்டுவாள், ‘முடிந்தது’ என்று பச்சையில் காட்டும், ஒரு பொத்தானை அமுக்கினால் கடிதம் தயார். இரண்டாவது கடிதத்தின்போது, ‘புது லிஃப்டையும் ஒடைச்சுட்டு மறுபடி கேக்குறானுங்க’ என்று வாய்விட்டே திட்டியிருந்தாள். அதுவும் ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா, எங்கியோ தப்பு நடந்திருக்கு. நான் பாக்குறேன்."

"சீக்கிரம் பாரு லோகா. அவருக்குக் கால எடுத்துட்டாங்க. ஏப்ரல்ல. இனிப்புநீர் வியாதி. முட்டிக்குக் கீழ." ஜெயலெட்சுமி குரலை உயர்த்தவில்லை. பல கவுண்டர்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு. "கீழ் மாடி பங்களாதேஷ் தம்பிங்க ரெண்டு பேரு நாற்காலியோட தூக்கிட்டு எறங்குவாங்க. பாவம், அவங்களுக்கு ஷிப்ட் மாறிடுச்சு. ரெண்டு மாசமா டாக்டர்கிட்ட போவல. இன்னொரு கால்லயும் புண்ணு வந்திருக்கு. அதையாவது காப்பாத்தணும்னா ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாரு டாக்டர். எப்படிக் கூட்டிட்டுப் போறது, சொல்லு."

"எனக்கு ஏன்கா சொல்லல?"

"போன் போட்டேன். அப்படி ஒரு நம்பரே இல்லன்னுச்சு."

புக்கிட் தெங்காவுக்குப் போனதும் லோகேஸ்வரி எண்ணை மாற்றியிருந்தாள். யார் யாருக்கோ சொன்னாள், இவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டாள். அவமானமாக இருந்தது. புது எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். ஜெயலெட்சுமி அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

பழைய அறிக்கையை எடுத்துப் பிரித்தாள். 2023, பதினான்காம் பக்கம். செம்பாக்கா பிளாட், சி புளோக், புதிய லிஃப்ட், நூறு விழுக்காடு முடிந்தது. கீழே படம். பளபளவென்று புதுக் கதவு, அதற்கு முன்னால் சலவை மடிப்புக் கலையாத சட்டையில், கையில் ஒரு சாப்பாட்டு டப்பாவோடு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறார் சின்னையா. இரண்டு காலிலும் நிற்கிறார். படத்துக்குக் கீழே லோகேஸ்வரியே எழுதின வரி: ‘சி புளோக் குடியிருப்பாளர் புதிய மின்தூக்கியினால் மகிழ்ச்சி அடைகிறார்.’

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே சோற்றுக்குள் இல்லாத பூசணிக்காய் இருப்பதாக எழுதியிருக்கிறது. இல்லாத லிஃப்டுக்கு முன்னால் இந்த மனுஷன் எப்படிப் போய் நின்றார்? மத்தியானம் முழுக்க லோகேஸ்வரிக்கு வேலை ஓடவில்லை. பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். ஐந்தரைக்கு அலுவலகம் விட்டதும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு ஜெலுத்தோங் பஸ்ஸில் ஏறினாள்.

செம்பாக்கா பிளாட்டில் ஐந்து புளோக். ஒரே உயரம், ஒரே ஜன்னல், போன தடவை சாயம் அடித்தபோது ஐந்துக்கும் ஒரே மஞ்சள். சி புளோக் லிஃப்ட் கதவில் குறுக்கே ஒரு பலகை அறைந்திருந்தது. பலகையில் தூசி. எவனோ அதில் விரலால் பேர் எழுதியிருந்தான். லோகேஸ்வரி செருப்பைச் சரி செய்துகொண்டு படியேறத் தொடங்கினாள்.

மூன்றாவது மாடியில் முட்டி பிடித்துக்கொண்டது. ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டாள். ஏழாவது மாடியில் அவளுடைய பழைய வீட்டுக் கதவுக்கு யாரோ புதிதாக நீலச் சாயம் அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே படி திரும்புகிற மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் பழனியப்பன் இறந்தபோதும் லிஃப்ட் வேலை செய்யவில்லை. சவப்பெட்டி அந்த மூலையில் திரும்பவில்லை. பிறை ஊரில் பழனியப்பனோடு ஒரே கம்பெனியில் லோரி ஓட்டின சின்னையாதான் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்துப் பெட்டியை நிமிர்த்தி, "மெதுவா, மெதுவா, நம்ம பழனி" என்று சொல்லிச் சொல்லி இறக்கினார். அடுத்த மாதமே லோகேஸ்வரி வீட்டைக் காலி செய்தாள். அதற்கப்புறம் இந்தப் படிகளில் ஏற அவளுக்கு மனசு வரவில்லை. யார் மூலமாவது விசேஷத்துக்குச் சொல்லியனுப்பினாலும் சாக்குச் சொல்லிவிடுவாள்.

"வாம்மா லோகா. லிஃப்ட்ல வந்தியா?" என்றார் சின்னையா.

கட்டிலை ஜன்னலோரம் போட்டுச் சாய்ந்திருந்தார். கைலி இடது முட்டியோடு மடித்து விடப்பட்டிருந்தது. ஆள் பாதியாகிவிட்டார். வாய் மட்டும் பழைய வாய்.

"அண்ணே…" என்றவளுக்கு மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது.

"அழுவாதே. எனக்கு ஒரு செருப்பு மிச்சம் லா. என் லிஃப்ட எவனோ முழுங்கிட்டான், அதான் ஆத்தாமையா இருக்கு. மாத்தியாச்சுன்னு லெட்டர் போடுறானுங்க! எவன் வயித்துக்குள்ள மாத்துனான்? நான் தெனமும் காலையில சாமி கும்பிடுறப்ப மொதல்ல அவனுக்கு ஒரு சாபம் விட்டுட்டுத்தான் திருநீறே பூசுறேன்."

லோகேஸ்வரி கைப்பேசியை நீட்டினாள். "அண்ணே, இந்தப் படத்தக் கொஞ்சம் பாருங்க. இது எங்க எடுத்தது?"

சின்னையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் பிரகாசமாகிவிட்டார். "அடடே, நானு! ஜெயா, இங்க வந்து பாரு. இது ஏ புளோக்மா. நோன்புப் பெருநாளைக்கு ஷேக் அலாவுதீன் வீட்டுல, யாரு வேணும்னாலும் வந்து சாப்பிடலாம்னு ஓப்பன் ஹவுஸ் வச்சாரு. கண்ணாடிக் கட வச்சிருக்காரே, அவரு. ஏ புளோக்குக்கு அன்னிக்குத்தான் புது லிஃப்ட் ஓட ஆரம்பிச்சுது. சாப்பிட்டுட்டு எல்லாரும் சும்மா ஏறி ஏறி எறங்குறோம். ஒரு சீனத் தம்பி கேமரா வச்சுக்கிட்டு நின்னான். அங்கிள், சிரிங்கன்னான். சிரிச்சேன். கையில பாரு, அது கெத்துப்பாட்டுச் சோறும் கோழி ரெண்டாங் கறியும். வீட்டுக்குக் கொண்டுபோங்கன்னு சபூரா கட்டிக் குடுத்தாங்க." சபூரா ஷேக் அலாவுதீனின் மனைவி.

லோகேஸ்வரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்த வருஷம் ஏ புளோக், சி புளோக் இரண்டுக்கும் லிஃப்ட் மாற்றப் பணம் வந்தது. குத்தகைக்காரர் ஏ புளோக்கை முடித்துவிட்டு, சாமான் விலை ஏறிவிட்டது, சி புளோக்கை அடுத்த வருஷம் செய்கிறேன் என்று நிறுத்திக்கொண்டார். அது பொறியாளருக்குத் தெரியும். அந்தப் பொறியாளர் அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். லோகேஸ்வரியிடம் வந்து சேர்ந்தது படங்கள் மட்டும், வாட்ஸ்அப்பில், இருநூறுக்கு மேல், பேரும் இல்லாமல் ஊரும் இல்லாமல். ஏ புளோக்கை இரண்டு நாளில் இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள். எல்லாச் சுவரும் ஒரே மஞ்சள். வேறு யாராவது அந்த மேசையில் இருந்திருந்தால் குழம்பிப்போய்க் குத்தகைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். லோகேஸ்வரிக்கு அந்த அவசியம் வரவில்லை. நூற்றுக்கணக்கான முகம் தெரியாத படங்களுக்கு நடுவில் ஒரு முகம் சிரித்தது. அட, நம்ம சின்னையா அண்ணே! அப்படியென்றால் இது நம்ம சி புளோக்! அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் அந்த நாளின் படங்கள் அத்தனையையும் வாரி சி புளோக் கோப்பில் போட்டாள். இரண்டு லிஃப்டும் முடிந்தன என்று எழுதினாள். தொடாத பணம் ‘மிச்சம்’ என்று புத்ராஜெயாவுக்குத் திரும்பிப் போனது. சிக்கனமாகச் செய்ததற்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

எவனும் லிஃப்டை முழுங்கவில்லை. தெரிந்த முகத்தைப் பார்த்து அவள்தான் ஏமாந்தாள்.

ஜெயலெட்சுமி மைலோ கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். லோகேஸ்வரி குடித்தாள். "பாக்குறேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். கீழே ஏ புளோக்குக்குப் போய் ஷேக் அலாவுதீனைப் பார்த்து, ஆஸ்பத்திரி நாளில் தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்று கேட்டாள். அவர், "சின்னையாவுக்குக் காலு போச்சா? அல்லாவே! பக்கத்து புளோக்ல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியலியே தங்கச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான்கு பேரைத் தான் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

புதன்கிழமை அவள் தன் பிரிவுத் தலைவி ரோஹானாவிடம் போனாள். ரோஹானா நல்ல மனுஷி, நாற்பத்தைந்து வயது, ஐந்து பேர் வேலையை ஒருத்தியாகச் செய்து கண்ணுக்குக் கீழே கருத்துப்போனவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இருவரும் மலாயில்தான் பேசினார்கள்; அவர் இவளை அக்கா என்று ‘காக்’ போட்டுக் கூப்பிடுவார், இவள் அவரை அம்மா என்று ‘புவான்’ போடுவாள்.

"காக் லோகா, 2023 மூடிப்போன கணக்கு. தணிக்கை முடிஞ்சு பாராட்டும் வாங்கியாச்சு. இப்போ திறந்தா, ‘இன்னும் எத்தனை பொய் இருக்கு’ன்னு மேலே கேப்பாங்க. பட்டியல்ல இருக்குற பத்து பிளாட்டையும் நிறுத்தி வைப்பாங்க. அந்தப் பத்துலயும் கால் இல்லாதவங்க இருப்பாங்க இல்லையா?"

"இருப்பாங்க, புவான்."

"அடுத்த வருஷம் அவசர பழுதுன்னு வேற தலைப்புல நான் சி புளோக்கைச் சேர்த்துடுறேன். யார் பேரும் அடிபடாது. உங்களுக்கு இன்னும் ஏழு மாசம்தான். நீண்ட சேவைக்கு மெடல் கொடுக்குற பட்டியல்ல உங்க பேர் இருக்கு. நிம்மதியா போங்களேன்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். லோகேஸ்வரி அந்த அன்பை வாங்கிக்கொண்டு தன் மேசைக்கு வந்தாள். அடுத்த வருஷம் என்ற வார்த்தையை அவள் முப்பத்தேழு வருஷமாகப் பார்த்தவள். அடுத்த வருஷம் ரோஹானா மாற்றலாகிப் போவார். அவள் பென்சனில் போவாள். புதிதாக வருகிறவர் கணினியில் சி புளோக் என்று தட்டுவார், பச்சையில் காட்டும், ஜெயலெட்சுமிக்கு மூன்றாவது கடிதம் போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தக் கதையில் சாமி வரத்தை என்றைக்கோ கொடுத்துவிட்டது. நடுவில் உட்கார்ந்த பூசாரி லோகேஸ்வரிதான்.

வியாழக்கிழமை பகல் முழுக்க அறிக்கையின் மற்ற எட்டுப் பிரிவையும் முடித்தாள். ஒன்பதாவதுக்கு வந்தபோது ‘தியாடா’ வழக்கம்போல உட்கார்ந்திருந்தது. அதை அழிக்க ஒரு நொடி போதும். அவளுக்குச் சாப்பாட்டு நேரம் முழுதும் பிடித்தது. பயமாகவும் இருந்தது, அசதியாகவும் இருந்தது. இத்தனை வருஷமும் ஒழுங்காக வந்து போனதற்கு இதுதானா முடிவு என்று கோபமும் வந்தது. அழித்துவிட்டு எழுதினாள். கடைசிப் பக்கத்துப் பட்டியலில் பத்து பிளாட்டுக்கும் கீழே சி புளோக்கையும் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ரோஹானா கையெழுத்துப் போட அறிக்கையைப் புரட்டினார். பன்னிரண்டுக்குள் அறிக்கை போயாக வேண்டும். ஒன்பதாம் பிரிவில் அவர் கை நின்றது. ‘2023 அறிக்கை, பக்கம் 14: சி புளோக் மின்தூக்கி மாற்றப்படவில்லை. ஏ புளோக்கின் படங்கள் தவறாகச் சேர்க்கப்பட்டன. தவறு செய்தவர்: அறிக்கை எழுத்தர் லோகேஸ்வரி. காரணம்: படத்தில் உள்ளவரைத் தனக்குத் தெரியும் என்பதால் இடத்தைச் சரிபார்க்கவில்லை.’

"பேரை எதுக்குப் போட்டீங்க? அலுவலகத் தவறுன்னு எழுதினா போதாதா?"

"அலுவலகம்னு போட்டா உள்ள யார் யாருன்னு தோண்டுவாங்க, புவான். பட்டியலையும் நிறுத்துவாங்க. ஒரு பேரைக் கொடுத்துட்டா அந்த ஆளைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டுட்டு மத்ததை விட்டுடுவாங்க. நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்."

ரோஹானா கடிகாரத்தைப் பார்த்தார். "காக், நீங்க முன்னாடியே இவ்வளவு புத்திசாலியா?" என்று சலிப்போடு கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

லோகேஸ்வரி சொன்னபடியேதான் நடந்தது. பத்தே நாளில் அவளுக்குக் காரணம் கேட்கும் கடிதம் வந்தது. பதில் எழுதினாள். மூன்று பேர் கொண்ட குழு முன்னால் நிற்க வைத்து, அவள் மகள் வயதுப் பையன் ஒருவன், "முப்பத்தேழு வருஷ அனுபவம் இருந்தும் இப்படியா?" என்று கேட்டான். "ஆமாங்க துவான், இப்படித்தான்" என்று அவனுக்கும் ஒரு ஐயா போட்டுச் சொன்னாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று மலாயில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். மெடல் பட்டியலிலிருந்து பேரை அடித்துவிட்டார்கள். பென்சனில் கை வைக்கவில்லை. மெடல் வாங்க என்று தனுஜா எடுத்து வைத்திருந்த புடவை பெட்டியிலேயே கிடந்தது.

ஜனவரியில் பட்டியல் திரும்பி வந்தது. பதினோராவது வரிசையில் செம்பாக்கா பிளாட், சி புளோக். பக்கத்தில், ‘ஏற்கப்பட்டது. ஆண்டின் பிற்பகுதியில், நிதி நிலையைப் பொறுத்து.’ இதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கும் வயது லோகேஸ்வரிக்கு இல்லை. நிதி நிலை எப்படிப் பொறுக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பச்சை ‘முடிந்தது’ கணினியில் இல்லை. சிவப்பாக ‘முடியவில்லை’ என்று நின்றது. அதை நான்கைந்து தடவை திறந்து பார்த்தாள்.

தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒன்பது மாடி ஏறினாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். படம் வந்தது, முகத்தைப் பார்த்தது, சந்தோஷப்பட்டது, சி புளோக் என்று போட்டது, பணம் திரும்பிப் போனது, இரண்டு கடிதம் போட்டது. ஒன்றையும் விடவில்லை.

சின்னையா, "அப்ப ரெண்டு வருஷமா நான் சாபம் விட்டது ஒனக்கா?" என்றார்.

"எனக்குத்தாண்ணே."

"முட்டியத் தடவிக்கிட்டு நிக்கிறியே, அந்த வலி எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமாத்தான் இருக்கு."

"பாத்தியா ஜெயா? நான் கும்பிடுற சாமிக்குக் காது கேக்கலன்னு சொல்லுவியே!" என்று கட்டில் அதிரச் சிரித்தார்.

ஜெயலெட்சுமி சிரிக்கவில்லை. அடுக்களை வாசலில் நின்றிருந்தார். "நீங்க சிரிப்பீங்க. நாற்காலிக்கு முன்னால ஒவ்வொரு படியா பின்னோக்கி எறங்குறவ நான். எங்க தவற விட்டுருவாங்களோன்னு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு எறங்குறவ நான்." லோகேஸ்வரியைப் பார்த்து, "நம்ம வீட்டுப் புள்ள அங்க உக்காந்திருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் லோகா. ரெண்டு லெட்டர்லயும் ஒன் பேரு. ஒருதடவ, ஒரே ஒருதடவ நீ ஏறி வந்து பாத்திருக்கக் கூடாதா?" என்றார். உள்ளே போய்விட்டார். பாத்திரம் மட்டும் சத்தம் போட்டது. அன்றைக்கு மைலோ வரவில்லை.

குழுவுக்குக் கொடுத்ததுபோல் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுக்க முடியாது. லோகேஸ்வரி கிளம்பக் கைப்பையை எடுத்தாள்.

"லோகா, அந்தப் படத்த என்ன செஞ்ச?" என்றார் சின்னையா.

"எடுத்தாச்சுண்ணே. தவறான படம்னு அறிக்கையிலேர்ந்து நீக்கியாச்சு."

"தவறான படமா? நான்தானம்மா அது?"

"நீங்கதாண்ணே."

"ரெண்டு கால்லயும் நிக்கிறேன்ல?"

"ஆமாண்ணே."

அவர் மடித்துவிட்ட கைலியைத் தடவிக்கொண்டார். சிரிப்பு போயிருந்தது. "அதுக்கப்புறம் யாரும் என்ன நிக்க வச்சு படம் எடுக்கல. வீடெல்லாம் தேடிட்டேன், உருப்படியா ஒண்ணுகூட இல்ல. ஆபீசுக்கு வேணாம்னா அத எனக்குக் குடுத்துடேன்."

அடுத்த ஞாயிறு அவள் மூன்றாவது தடவை ஏறினாள். சிட்டியில் ஒரு படக்கடையில் பெரிதாகப் போட்டு, சட்டம் வைத்து, செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். படத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தாள்: ‘சின்னையா. நோன்புப் பெருநாள், 2023. ஏ புளோக்.’

கதவைத் திறந்தது ஜெயலெட்சுமி. படத்தை வாங்கி, செய்தித்தாளைப் பிரித்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். சட்டத்துக் கண்ணாடிக்கு மேலாகக் கட்டைவிரல் சின்னையாவின் சட்டையிலிருந்து கீழே இறங்கி, இரண்டு செருப்புக் காலிலும் வந்து நின்றது.

பிறகு வாசலில் மூச்சு வாங்க நின்றவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள வந்து ஒக்காரு லோகா. மைலோ கலக்குறேன்."